விலை ஏறினால் கார் பிழைக்குமா?

சென்னையில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இன்று கிராக்கி கூடிவருகிறது. ஆனால் ஒரு பழைய காரைக் காப்பாற்றுவது வாங்குபவரின் பணம் அல்ல, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நீலகிரியின் குந்தா வட்டத்துக்காரர்கள் கோவைக்குப் போய்வரும் மூன்றாவது மலைப்பாதை இது. சில வளைவுகளில் நீளமான இன்றைய கார் ஒரே மூச்சில் திரும்பாது. நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட சாலைக்கென்றே செய்ததுபோல ஒரு கார் 1961 முதல் 1971 வரை சென்னையை ஒட்டிய பெருங்களத்தூரில் தயாரானது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அது ஒரு முழு வட்டம் அடிக்க ஏறத்தாழ 25 அடி அகலம் போதும். பெரிய கார்கள் தடுமாறும் வளைவில் ஆட்டோ ரிக்‌ஷாபோலத் திரும்பிவிடும். இத்தாலியின் டூரின் நகர வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம், 948 சி.சி. எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். ஃபியட்டும் அம்பாசடரும் நிறைந்திருந்த அன்றைய சாலையில் இது தனி ரகம்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெயரளவில் அது குடும்பக் கார்தான். ஆனால் இங்கிலாந்தில் 1962-இல் வந்து உலகெங்கும் விற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் ஆங்கில மூலமான டிரையம்ப் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன்மேல் கட்டப்பட்டதுதான். முன்சக்கர அமைப்பு, ஸ்டீயரிங், பின்பக்கம் குறுக்கே போகும் லீஃப் ஸ்பிரிங் என எல்லாம் ஒரே குடும்பம். ஸ்போர்ட்ஸ் கார்களை இறக்குமதி செய்ய வழியில்லாத அந்த நாட்களில், தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது இதுதான். இன்று இந்தக் கார்களைத் தேடி வாங்குபவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் காயலான் கடைக்கு எடைக்குப் போன ஹெரால்டுக்கு இப்போது உரிமையாளர்கள் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். விலை ஏறுவதால் இனி இந்தக் கார்கள் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விலை ஒரு காரை ஷெட்டுக்குள் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். அதை ஓடவைப்பது உதிரி பாகமும், அதைப் பொருத்தத் தெரிந்த தொழிலாளியும், அந்த அறிவு அடுத்தவருக்குப் போய்ச் சேரும் வழியும். பழைய கார் வாங்க நினைப்பவர் முதலில் பணம் போட வேண்டிய இடமும் அதுவே.

ஏலக் கூடத்தின் கணக்கு

பழைய கார்களின் விலைக்கு உலக அளவில் ஓர் உச்சம் உண்டு. 1955-இல் கட்டப்பட்ட மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூபே ஒன்று 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்கு விலைபோனது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். ஆனால் இதே சந்தை 1980-களின் கடைசியில் எப்படி ஏறியது, எப்படி விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி காலமானதும் அவர் பெயரிலான கார்களின் விலை எகிறியது. ஓட்டும் ஆசையே இல்லாதவர்கள்கூடக் கடன் வாங்கி வாங்கினார்கள். 1990-இல் ஜப்பானின் பங்குச் சந்தை சரிந்தது, உலகெங்கும் பொருளாதாரம் மந்தமானது, கார் விலைகளும் மளமளவென்று இறங்கின. ஏறும் விலையை நம்பி வந்த பணம், இறங்கும் விலையைக் கண்டதும் ஓடியது. அந்தக் கார்களை அதற்குப் பிறகும் பேணியவர்கள், விலைக்காக அல்லாமல் காருக்காக அவற்றை வைத்திருந்தவர்கள்தான்.

நம் ஊர்க் கதை இன்னும் தெளிவான சாட்சி. ஹெரால்டுக்குப் பிறகு 1972-இல் கெஸல் என்ற கார் வந்தது. 1985-இல் ஹெரால்டைத் தயாரித்த அதே நிறுவனம் ரோவர் எஸ்.டி.1 காரின் அழகான உடலுக்குள் பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழிவந்த 2 லிட்டர் எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. அது எடுபடவில்லை, 1988-இல் கார் தயாரிப்பே நின்றது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, கிடங்கில் எஞ்சியிருந்த உதிரி பாகங்களை வாங்கியவர்கள் இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ். டிரையம்ப், ரோவர் கார்களின் உதிரிகளை விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அது. சென்னைக் கிடங்கின் உதிரிகள் கப்பலேறி, இங்கிலாந்துக்காரர்களின் கார்களைப் புதுப்பிக்கப் போயின. அந்த உதிரிகளின் அருமை அங்கே தெரிந்தது, இங்கே தெரியவில்லை. காரணம் அங்கே கார்களின் விலை அதிகம் என்பதல்ல. அங்கே கிளப்புகள், பட்டியல்கள், பட்டறைகள், வாடிக்கையாளர்கள் என ஒரு சங்கிலி உயிரோடு இருந்தது.

விலைக்கும் பிழைப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு அதே இங்கிலாந்தே ஆதாரம். அங்கே ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் இன்றும் பழைய கார்களில் மலிவான வரிசையைச் சேர்ந்தவை; யாரும் அவற்றை முதலீடாக நினைப்பதில்லை. ஆனாலும் வாஷர் முதல் தரைத்தகடு வரை அவற்றுக்கு உதிரி கிடைக்கிறது. ஏராளமான கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்கு 1988 முதல் பழைய அச்சுகளையே பயன்படுத்தி முழு உடற்கூட்டையும் புதிதாக அடித்துத் தருகிறது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம். விலை குறைவு, பிழைப்பு அதிகம். நம்மிடம் விலை ஏறுகிறது, ஓடும் கார்களோ விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது காரணம், எது விளைவு என்பது புரிந்துவிடும்.

ஒரு சின்ன வெண்கலக் கட்டை

சங்கிலி என்று சொல்வது வெறும் பேச்சில்லை. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்கலக் கட்டை இருக்கிறது. டிரன்னியன் என்று பெயர். தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை இந்தக் கட்டைக்குள் சுழலும். இதற்குப் போட வேண்டியது 90 கிரேடு கியர் ஆயில். நிப்பிளைக் கண்டதும் பெரும்பாலான மெக்கானிக்குகள் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் மற்ற கார்களுக்கு அதுதான் வழக்கம். உள்ளே போகும் கிரீஸ் நாளடைவில் இறுகும், மரையின் அடிவரை இறங்காது, தண்ணீர் தேங்கும், தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது தண்டு பட்டென்று முறிந்து சக்கரம் மடங்கிவிடும். கொண்டை ஊசி வளைவு நிறைந்த மலைப்பாதையில் ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பாத நிமிடமே கிடையாது. இந்தக் காரில் உயிரைக் காப்பது சில சொட்டு கியர் ஆயில். அந்த ஆயிலைப் போடத் தெரிந்த ஆள்தான் காரின் விலை உயர்ந்த உதிரி பாகம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் இந்த அறிவைச் சார்ந்தவையே. ஹெரால்டின் உடலை ஒரே கூடாக வார்க்கவில்லை; துண்டு துண்டாகச் செய்து சேஸிஸின்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுதாக முன்னால் கவிழும். டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். பழுதுபார்ப்பவருக்கு இது வரம். ஆனால் இதே அமைப்பால் துரு எல்லாம் சேஸிஸில் இறங்குகிறது. உடலைத் தாங்க இருபுறமும் நீளும் கைகளும், பின் ஸ்பிரிங்குக்குப் பக்கத்துச் சட்டங்களும் முதலில் மடிபவை. மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும். காந்தத்தை வைத்தால் ஒட்டாது, ஏனென்றால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் சேஸிஸ் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எஞ்சினை எங்கேயும் போர் செய்துவிடலாம், சீட்டைத் தைத்துவிடலாம். இரும்பு போன கார் மட்டும் வாங்கிய விலையைப்போலப் பல மடங்கை விழுங்கும். ஓடாத நிலையில் இருந்தாலும் இரும்பு நல்ல கார், ஓடுகிற ஆனால் உள்ளே அரித்த காரைவிட எவ்வளவோ மேல்.

குந்தாவில் இந்த எச்சரிக்கைக்கு இரட்டிப்புக் காரணம் உண்டு. 2019 ஆகஸ்டில் இதே வட்டாரத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை அபூர்வம் என்றாலும், தென்மேற்குப் பருவத்தின் மாதங்களில் ஈரமும் மூடுபனியும் இங்கே விலகுவதே இல்லை. காரைத் தார்ப்பாய் போட்டு இறுக மூடிவைத்தால் ஈரம் உள்ளேயே சிக்கி அரிக்கும்; கூரையும் காற்றோட்டமும் உள்ள ஷெட்தான் தேவை. உயரமும் ஒரு பாடம் நடத்தும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சென்னைக்குச் சரியாக இருந்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். கரும்புகை வரும், பிளக் கறுக்கும், 35 குதிரைத்திறன் எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறையும். ஜெட்டைச் சிறிதாக மாற்றத் தெரிந்தவர் இதைச் சரிசெய்துவிடுவார். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்க அது போதும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுவதும், ரப்பர் பாகங்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதும்தான் மருந்து. ஓடாத கார் மலையில் அழுகும் என்பது வெறும் சொல்லில்லை.

குந்தாவின் எந்திரங்கள்

எந்திரத்தைப் பல பத்தாண்டுகள் ஓடவைப்பது எப்படி என்று குந்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியோடு 1956-இல் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம், 1960 முதல் மின்சாரம் தந்துவருகிறது. ஹெரால்டும் அந்த மின்நிலையங்களும் ஏறத்தாழ ஒரே வயது. ஹெரால்டுகள் காணாமல் போயின. மின்நிலையங்கள் இன்னும் சுழல்கின்றன. காரணம் வெளிப்படை. மின்நிலையத்தில் பராமரிப்புக்கென்று ஆள் இருந்தார்கள், பதிவேடு இருந்தது, ஓய்வுபெறுபவர் புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நீலகிரி மலை ரயில் இன்னொரு சாட்சி. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த பல்சக்கர நீராவி எஞ்சின்கள்தான் பல்லாண்டுகள் அதை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற்றின. 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பெருமை மட்டும் போதுமென்றிருந்தால் எஞ்சின்கள் என்றோ அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 தொடங்கி அதே ரக நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தது. அங்கீகாரம் ரயிலுக்கு மதிப்பைக் கொடுத்தது. பொன்மலை அதற்கு ஆயுளைக் கொடுத்தது. பழைய கார்களின் உலகத்தில் மதிப்பைப் பற்றியே பேசுகிறோம், பொன்மலையைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்படி ஒரு பொன்மலைக்கு வேண்டிய எல்லாம் மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கோவையின் ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பஞ்சாலைக்கும் பம்ப்செட்டுக்கும் எத்தனையோ உதிரிகளை வார்த்துக் கடைந்தவை. சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் கார் பந்தயம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பேர்வாங்கிய கோவைக்காரர் எஸ். கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, பெரும்பணம் இல்லாத இளைஞர்களையும் பந்தயத்துக்குள் கொண்டுவந்தார். 1995-இல் அவர் மறைந்தாலும் அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ஓடுதளம் நிற்கிறது. அவிநாசி சாலையில் 2015 முதல் ஜி.டி. நாயுடுவின் பெயரைத் தாங்கும் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு வெண்கல டிரன்னியனைக் கடைந்து கொடுப்பது இந்த ஊருக்குப் பெரிய வித்தையே இல்லை. வரைபடத்தோடு போய், சரியான உலோகத்தைச் சொல்லி, ஒன்றுக்குப் பதில் இருபது செய்யச் சொல்லும் வாடிக்கையாளர்தான் இல்லை. ஆளுக்கு ஒரு காரோடு தனித்தனியே அலைவதால் ஒவ்வொருவரும் ஒற்றை உதிரிக்கு அநியாய விலை கொடுக்கிறார்கள்.

எதிர்வாதங்கள்

இதற்கு முதலில் வரும் மறுப்பு பணம் சார்ந்தது. விலை ஏறினால்தானே செலவழிக்க ஆள் வருவார்கள், செலவழித்தால்தானே மெக்கானிக் பிழைப்பார் என்பார்கள். பாதி உண்மை. ஆனால் லாபத்துக்காக வாங்குபவர் கைமாற்றிவிடும் வரைக்கும்தான் செலவழிப்பார். அதுவும் கண்ணுக்குத் தெரியும் பெயின்டுக்கும் குரோமுக்கும்தான். சேஸிஸின் அடியில் போகும் வெல்டிங்குக்கு அவர் கணக்கில் இடமில்லை. லாபக் கணக்கே சரிவருவதும் அரிது. 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி 20 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க மட்டும் 10,000 ரூபாய். ஷெட், இன்ஷூரன்ஸ், டயர், டிங்கரிங், இவற்றுக்குப் பின் பல ஆண்டு காத்திருப்பு என்று கூட்டினால், அந்தப் பணத்தை வங்கியில் போட்டவரே நிம்மதியாக இருப்பார். விற்றுப் பெரும்பணம் பார்த்தவரின் கதை ஊரெல்லாம் பரவும். பாதியில் கைவிட்டு உடைத்து விற்றவரின் கதையை யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. எளிதில் பாதிக்கப்படும் சூழல் கொண்ட மலையில் புகை கக்கும் பழைய கார் எதற்கு? கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் கார்புரேட்டர் எஞ்சின் இன்றைய பி.எஸ்.-6 எஞ்சினைவிடக் கூடுதலாக மாசுபடுத்தும் என்பதை மறுக்க முடியாது. அதனால் இதை அன்றாட வாகனமாக்கச் சொல்வது நியாயமல்ல. ஆனால் மலையைத் திணறடிப்பது எது? 2024 மே மாதம் முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பே விதிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தின் முன்னால், மாதத்தில் சில நாள் ஓடும் சில டஜன் கார்கள் பொருட்டல்ல. ஒழுங்காக டியூன் செய்து, சீசன் கூட்டத்தில் வெளியே எடுக்காமல் இருப்பது உரிமையாளரின் கடமை. ஒழுங்காக டியூன் செய்யவும் மறுபடி அந்தத் தெரிந்த கைதான் வேண்டும்.

மூன்றாவது, இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டு. விலை இப்படியே ஏறினால் அது உண்மையாகிவிடும். அதனால்தான் விலையைக் கொண்டாடுவதை எதிர்க்க வேண்டியிருக்கிறது. தன் காலத்தில் டாக்டரும் பேராசிரியரும் எஸ்டேட் அலுவலரும் வைத்திருந்த கார் ஹெரால்டு. உதிரி சுலபமாகக் கிடைத்தால் செலவு இறங்கும், செலவு இறங்கினால் சம்பளக்காரரும் ஒன்றை வைத்துக்கொள்ள முடியும். டிங்கர், லேத், சீட் தைப்பவர், எலெக்ட்ரிஷியன் என்று ஒரு காரைச் சுற்றி நாலைந்து குடும்பங்களுக்கு வேலையும் கிடைக்கும்.

கடைசியாக, உதிரி கிடைக்காவிட்டால் மாருதி எஞ்சினை மாட்டி ஓட்டிவிட்டுப் போகலாமே என்று சொல்பவர்கள். ஓட்ட மட்டும் வேண்டுமென்றால் அது வசதிதான். ஆனால் உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதிகளும், 50 வயது கடந்திருப்பதோடு சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வாகனத்துக்கே ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி நம்பர் தருகின்றன. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஹெரால்டுகள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டியவை. ஆனால் அந்த நம்பரில் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறங்கலாம். அவ்வப்போது ஓட்டிக் காரை உயிரோடு வைக்க நினைப்பவர் சாதாரணப் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துவருவதே நல்லது. ஆகவே வாங்கும்போது முதலில் கையில் எடுக்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்கள் காரில் பொறித்தவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு அழகான காராக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

வாங்குபவர் தன் பட்ஜெட்டை மூன்றாகப் பிரிக்கலாம். காருக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, உதிரிக்கும் கைக்கும் ஒன்று. முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிட்டால் மிச்சமிரண்டும் கடனில்தான் நடக்கும். பாதியில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான் நின்றன. காரைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, அளவுகளைக் குறித்து, எந்தப் பட்டறையில் எந்த உலோகத்தில் எது செய்தோம் என்பதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். அந்த நோட்டுப் புத்தகம் அடுத்த ஹெரால்டுக்காரருக்குப் பாதிச் செலவை மிச்சம்பிடிக்கும். நீலகிரியிலும் கோவையிலும் இருக்கும் உரிமையாளர்கள் சேர்ந்து, அடிக்கடி தேய்கிற பாகங்களைக் கோவைப் பட்டறைகளில் ஒரே தவணையாகச் செய்ய ஆர்டர் கொடுக்கலாம். இரண்டு மாவட்டங்களின் ஐ.டி.ஐ.களும் கார்புரேட்டர், டைனமோ, தகட்டு வேலை ஆகியவற்றுக்கு ஒரு குறுகிய பயிற்சியைத் தொடங்கி, வயதான மெக்கானிக்குகளைக் கூலி கொடுத்து ஆசிரியர்களாக அழைக்கலாம். மின்சார வாகனம் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த வேலைக்குக் கூலி குறையும், சிலருக்கே தெரிந்த வேலைக்குக் கூலி ஏறும்.

இதையெல்லாம் செய்ய இன்னும் சில ஆண்டுகள்தான் அவகாசம் இருக்கிறது. ஹெரால்டு புதிதாக வந்தபோது பட்டறையில் சேர்ந்த பையன்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு காரின் விலை இன்னும் பத்து வருடம் காத்திருந்து ஏறலாம்; அவர்களிடம் இருப்பதைக் கற்க அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆகவே பழைய கார் வாங்கும் ஆசை உள்ளவர் விளம்பரங்களைப் புரட்டும் முன்பு ஒரு நல்ல மெக்கானிக்கைத் தேடிப் போகட்டும். அவர் போதும் என்று சொல்லும் காரை வாங்கட்டும். வேலை நடக்கும்போது அவர் பக்கத்தில் ஓர் இளைஞனை உட்காரவைத்து, அவனுக்கான கூலியையும் தானே கொடுக்கட்டும். பழைய காரில் நட்டமில்லாத முதலீடு என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் கூலிதான்.